கயிறும் சங்கிலியும்

1801-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள், திருப்பத்தூர்க் கோட்டையிலே கயிறு தொங்கிற்று. பெரிய மருது, சின்ன மருது என்னும் இரு சிங்கங்களின் கழுத்துக்கென முறுக்கிய கயிறு! அவர்களுக்குத் துணை நின்றோர் பலரின் கழுத்தையும் இறுக்கிய கயிறு! முடிச்சிட்டவன் கும்பினிக்காரன்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள், சென்னையை அடுத்த பரங்கிமலைப் பக்கத்திலே சங்கிலியொன்றை விரித்தார்கள். நூறு அடி நீளமுள்ள இரும்புச் சங்கிலி. தரையின் நீளத்தை அளக்க வந்த சங்கிலி. விரித்தவனும் கும்பினிக்காரன்தான்!

கயிறு உயிரைப் பறித்தது. சங்கிலி உலகை அளந்தது. இரண்டும் ஒரே கப்பலில் வந்தவை. ஒரே கொடியின் கீழ் இறங்கியவை. கயிற்றை வெறுக்கிறோம், வெறுக்கத்தான் வேண்டும். சங்கிலியை என்ன செய்வது, நண்பர்களே? மேனாட்டு விஞ்ஞானம் என்று நாம் அழைக்கிறோமே, அந்தப் பெரும் பொருளின் அடையாளமாக நமது மண்ணில் விழுந்த அந்தச் சங்கிலியை எட்டி உதைப்பதா, எடுத்து வைத்துக்கொள்வதா?

"அது வெள்ளையன் சரக்கு. கப்பலில் வந்தது, கப்பலிலேயே போகட்டும்" என்கிறார் ஒருவர். "வெள்ளையன் புதிதாக என்ன கொண்டுவந்தான்? எல்லாம் நமது ஏட்டிலே இருந்ததுதானே!" என்று மீசையை முறுக்குகிறார் மற்றொருவர். மூன்றாமவர் வாயே திறப்பதில்லை. புது மோட்டார் வாங்குகிறார், அதன் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்குகிறார், ஓட்டிச் செல்கிறார். விஞ்ஞானம் தந்த வண்டி வேண்டும், விஞ்ஞானம் மட்டும் வேண்டாம் அவருக்கு!

மூவரும் தவறு என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

முதலிலே அந்தச் சங்கிலியின் கதை. அளக்க வந்தவன் பெயர் வில்லியம் லாம்டன். ஆசிரியனல்ல, அறிஞர் பேரவையின் தலைவனுமல்ல, சிப்பாய்! 1799-இல் சீரங்கப்பட்டணத்திலே திப்புவை வீழ்த்திய படையிலே நின்றவன். போர் முடிந்ததும், பிடித்த நாட்டை அளக்க வேண்டும் என்று அனுமதி கேட்டான். கும்பினியார் கொடுத்தார்கள். எதற்காகக் கொடுத்தார்கள்? தமிழனுக்குக் கணிதம் சொல்லித் தரவா? இல்லை! படை போகும் பாதை தெரிய வேண்டும், வரி விதிக்கும் நிலம் தெரிய வேண்டும், அடுத்துப் பிடிக்க வேண்டிய எல்லை தெரிய வேண்டும். இந்த உண்மையை மறைத்துவிட்டு விஞ்ஞானத்தின் புகழ் பாடுகிறவன் பாதி வரலாறுதான் படித்தவன்.

மறு பாதியையும் படிப்போம். சங்கிலியை ஏறத்தாழ நானூறு முறை எடுத்தெடுத்து வைத்தார்கள். ஏழரை மைல் தூரத்தை அளக்க 57 நாள் பிடித்தது. ஏன் இத்தனை நாள்? வெயிலில் இரும்பு நீளும், குளிரில் சுருங்கும். ஆகவே வெப்பமானியை வைத்து எழுதினான். சங்கிலி இழுபட்டுத் தேயும். ஆகவே இன்னொரு சங்கிலியைத் தொடாமல் வைத்து, அதனோடு இதை ஒப்பிட்டு எழுதினான். தனது கருவி பொய் சொல்லும் என்று அவனே சந்தேகப்பட்டான். எவ்வளவு பொய் சொல்லும் என்று அவனே கணக்கும் எழுதி வைத்தான்!

கோணம் அளக்க அரை டன் எடையுள்ள கருவியொன்று இலண்டனிலிருந்து வந்தது. வழியிலே பிரெஞ்சுக்காரர் கப்பலைப் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டுபோனார்கள். இரு நாடுகளும் பகை நாடுகள். ஆனாலும், இது போர்க்கருவியல்ல, ஆராய்ச்சிக் கருவி என்று கண்ட பிரெஞ்சு ஆளுநர், அதைச் சென்னைக்கே அனுப்பிவைத்தார்! 1808-இல் அதே கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தில் ஏற்றினார்கள், உயரத்திலிருந்து பார்க்க. கயிறு அறுந்தது. கருவி மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, ஆறு வாரம் உட்கார்ந்து, தன் கையாலேயே அதைச் செப்பனிட்டான்.

சிப்பாயின் கையிலே இருந்த இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? வெள்ளைத் தோலிலிருந்தா? இல்லை, இல்லை, இல்லவே இல்லை!

ஐரோப்பா இந்தப் பழக்கத்தைத் தாய்ப்பாலோடு குடிக்கவில்லை. சண்டையிட்டுப் பெற்றது. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கசின் நூல் 1543-இல் வெளிவந்தது. 1600-இல் புருனோவை ரோமாபுரியிலே உயிரோடு கொளுத்தினார்கள். 1632-இல் கலிலியோ தனது நூலை வெளியிட்டார்; புலவர் மொழியாகிய இலத்தீனிலே அல்ல, தனது மக்கள் பேசிய இத்தாலிய மொழியிலே! அடுத்த ஆண்டே அவரை மண்டியிட வைத்தார்கள். அந்த விசாரணை தவறு என்று ரோமாபுரியின் திருப்பீடம் வாய்விட்டு ஒப்புக்கொண்டது எப்போது தெரியுமா? 1992-இல்! முந்நூற்று ஐம்பத்தொன்பது ஆண்டு கழித்து! மேனாட்டானுக்கு விஞ்ஞானம் பிறவிக்குணம் என்றால், இந்தச் சிறையும் இந்த நெருப்பும் எதற்கு?

சரக்கும் அவனுடையதல்ல. அவன் கணக்கெழுதும் எண்கள் இந்த நாட்டிலே பிறந்து, அராபியர் வழியே போனவை. பீசா நகரத்து லியோனார்டோ, ஃபிபோனாச்சி என்று உலகம் அழைக்கும் அந்த வணிகர் மகன், 1202-இல் நூலெழுதித்தான் இந்த எண்களை ஐரோப்பிய வணிகர்க்குச் சொல்லிக்கொடுத்தார். காகிதம் சீனத்திலிருந்து போனது. திசைகாட்டும் ஊசியைச் சீனர் முன்பே அறிந்திருந்தார்கள். ஊரெல்லாம் கொடுத்த அரிசியை ஒரு வீட்டிலே பொங்கினார்கள்; அவ்வளவுதான்! பானை அவர்கள் வீட்டுப் பானை என்பதற்காக, பொங்கல் முழுதும் அவர்களுடையது ஆகிவிடுமா?

பிறகு எதுதான் அங்கே புதிதாகப் பிறந்தது? ஒரு பழக்கம் பிறந்தது. ஒரு பண்பாடு பிறந்தது. 1660-இல் இலண்டனிலே ராயல் சொசைட்டி கூடியது. எவர் வாக்கையும் வாக்கு என்பதற்காக ஏற்காதே என்பது அவர்கள் பூண்ட முழக்கம். (சொன்னவன் யார் என்று பாராமல் சொன்னதன் மெய்யைப் பார் என்று வள்ளுவர் நமக்குச் சொன்னதும் அதுவேயன்றோ!) 1665 முதல் தங்கள் சோதனைகளை அச்சிட்டு வெளியிட்டார்கள். இதைச் செய்தேன், இப்படிச் செய்தேன், இது கிடைத்தது. நீயும் செய்து பார், தவறென்றால் சொல்! இந்த அழைப்புத்தான் புதிது.

செட்டிநாட்டாருக்கு இதை விளக்கவும் வேண்டுமா? உங்கள் பாட்டன் இரங்கூனிலே கடை வைத்தான், பினாங்கிலே வைத்தான், கொழும்பிலே வைத்தான். கடையைப் பார்க்க ஏஜெண்டு போனான். மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பினான். அவன் நல்லவன், கோயிலுக்குப் போகிறவன், பங்காளி மகன் என்பதற்காக யாராவது கணக்குப் பார்க்காமல் விட்டார்களா? பேரேட்டை விரித்தார்கள். வரவையும் பற்றையும் கூட்டினார்கள். ஐந்தொகை ஒட்டுகிறதா என்று பார்த்தார்கள். ஒட்டாவிட்டால், விடிய விடியத் தேடினார்கள். முதலாளி மகன் எழுதினாலும் தப்பு தப்புத்தான். கடைப்பையன் கண்டுபிடித்தாலும் சரி சரிதான்!

விஞ்ஞானம் என்பது உலகத்துக்கே பொதுவாக விரித்து வைத்த பேரேடு, நண்பர்களே! எவனும் எழுதலாம், எவனும் கூட்டிப் பார்க்கலாம், தப்பு கண்டால் எவனும் விரல் வைக்கலாம். விரித்த பேரேடு விஞ்ஞானம். மூடிய பேரேடு, உள்ளே எவ்வளவு பொன் இருந்தாலும், விஞ்ஞானமாகாது.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சான்று. சூரியனைச் சுக்கிரன் கடப்பதைக் காண, லெ ஜெந்தீல் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்கு வந்தார். 1761-இல் காண வேண்டியது. புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் சிக்கியது. அவர் நடுக்கடலில் நின்றார். எட்டாண்டு காத்திருந்தார். 1769 ஜூன் மாதம் புதுச்சேரியிலே கருவியோடு நின்றபோது, மேகம் வந்து மூடியது! பாவம், அந்த மனிதர். ஆனால் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. தமிழர் கிரகணம் கணிக்கும் முறையை இங்கே ஒரு தமிழரிடம் கற்றார். காகிதமில்லை, மையில்லை. சோழிகளைத் தரையிலே பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைச் சொல்லிச் சொல்லிக் கணக்கிடும் முறை. 1765 ஆகஸ்டு 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதிலே, தமிழர் கணக்கு 41 விநாடி பிசகியது. ஐரோப்பாவே அந்நாளில் மெச்சிய மேயரின் அட்டவணை 68 விநாடி பிசகியது. சோழி, அட்டவணையை வென்றது!

கைதட்டுகிறீர்களா? தட்டுங்கள், தகும். ஆனால் கதை முடியவில்லை.

அறுபதாண்டு கழிந்தது. லாம்டனுக்கு உதவியாளராக இருந்து, பின்பு சென்னை வானாய்வுக் கூடத்தையும் பார்த்துக்கொண்ட ஜான் வாரன், அதே புதுச்சேரியிலே ஒரு பஞ்சாங்கக்காரரைக் கண்டார். அதே சோழி, அதே மனப்பாடம். 1825-ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தை அவர் கணித்தார். தொடக்கத்திலே 4 நிமிடம் பிசகு. நடுவிலே 23 நிமிடம். முடிவிலே 52 நிமிடம். ஏட்டைத் தொடாமல், எழுத்தாணியைத் தொடாமல், நினைவு ஒன்றைக்கொண்டே இவ்வளவு நெருங்கினாரே, அது வியப்புத்தான். ஆனால் அந்தக் கணக்கு ஏன் அப்படி வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை என்று வாரன் எழுதினார்.

மேயரின் அட்டவணை பிசகியதும் ஐரோப்பாவிலே என்ன நடந்தது? பிசகு 68 விநாடி என்று அச்சிலேறியது. அடுத்தவன் திருத்தினான். அதையும் அடுத்தவன் திருத்தினான். இங்கே சோழியின் கணக்கு பிசகியபோது? தகப்பன் சொன்ன வாய்பாட்டையே மகன் சொன்னான். மகன் சொன்னதையே பேரன் சொன்னான். மூளை குறைவா நமக்கு? இல்லை! பேரேடு மூடிக் கிடந்தது. படிக்கும் உரிமையைப் பிறப்பைப் பார்த்துப் பங்கிட்ட நாட்டிலே, கணக்கும் ஒரு குடும்பச் சொத்தாயிற்று. சொத்தைக் காப்பார்கள், யாராவது சொத்தைத் திருத்துவார்களா?

பழங்கதை என்று தள்ளாதீர்கள். வானத்திலே சனி ஒன்றுதான். கும்ப ராசிக்கு அது எப்போது போயிற்று? திருக்கணிதப் பஞ்சாங்கம் 2023 ஜனவரி 17 என்றது. வாக்கியப் பஞ்சாங்கம் 2023 டிசம்பர் 20 என்றது. திருநள்ளாற்றிலே டிசம்பரில்தான் பெயர்ச்சி விழா! இரண்டுக்கும் நடுவே பதினொரு மாதம். சோழிக்காரர் மனப்பாடம் செய்த வாக்கியங்களின் வழி வந்ததே வாக்கியப் பஞ்சாங்கம். சனி நமக்கு நன்மை செய்யுமா, தீமை செய்யுமா என்ற கேள்விக்கே நான் வரவில்லை. எங்கே இருக்கிறது என்பதிலேயே ஐந்தொகை ஒட்டவில்லையே! இப்படிப் பதினொரு மாதம் பிசகிய கணக்கை இரங்கூன் கடையிலிருந்து ஏஜெண்டு கொண்டுவந்திருந்தால், செட்டிநாட்டு முதலாளி தட்டிலே வெற்றிலை வைத்து வரவேற்றிருப்பாரா?

பேரேட்டைத் திறந்த தமிழ்நாட்டாரும் உண்டு. சென்னை வானாய்வுக் கூடத்திலே பணிபுரிந்த சிந்தாமணி இரகுநாதாச்சாரி, 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆர் ரெட்டிகுலி என்று உலகம் அதனைக் குறிக்கிறது. அவர் அத்தோடு நிற்கவில்லை. கண்ணால் கண்ட வானத்தோடு பஞ்சாங்கம் ஒட்ட வேண்டும் என்று, திருத்திய பஞ்சாங்கத்தைத் தாமே வெளியிட்டார். சாத்திரம் படித்த குடும்பத்தின் பிள்ளைதான். ஆனால் வானத்தைச் சாட்சிக்கு அழைத்தார். அதுதான் வேறுபாடு.

"எல்லாம் நம் ஏட்டில் இருந்தது" என்ற நண்பருக்கும் ஒரு சொல். வேத காலத்திலேயே விமானம் பறந்தது என்று 2015 ஜனவரியிலே, மும்பையில் கூடிய இந்திய விஞ்ஞானப் பேரவையிலே கட்டுரை படித்தார்கள். அதற்கு ஆதாரமாக நீட்டும் வைமானிக சாத்திரத்தை, 1974-லேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்து அறிஞர் ஐவர் எடுத்து ஆராய்ந்துவிட்டார்கள். அந்நூல் 1904-க்கு முற்பட்டதல்ல, அதில் சொன்னபடி செய்த விமானம் எழும்பாது என்று எழுதிவிட்டார்கள். ஐவரும் இந்நாட்டில் பணி செய்தவர்களே! இல்லாத விமானத்தைப் பறக்கவிடுவது நாட்டுப்பற்றல்ல. நமது சோழிக்கணக்கு உண்மை. அதன் பெருமை உண்மை. பொய்ப் பெருமையைக் கலந்தால், உண்மைப் பெருமையும் செல்லாக்காசாகும்.

அதேபோல வெள்ளையரின் பேரேட்டையும் கூட்டிப் பாருங்கள். அங்கேயும் கள்ளக்கணக்கு உண்டு. லாம்டன் தொடங்கிய அளவை வடக்கே இமயம்வரை போயிற்று. உலகிலேயே உயர்ந்த சிகரம் எது என்று 1852-இல் கணக்கிட்டுச் சொன்னவர் வங்கத்து இராதாநாத் சிக்தார். உயரம் 29,002 அடி. பெயர் வைத்தது யாருக்கு? முன்பே ஓய்வு பெற்றுப் போன எவரெஸ்டு துரைக்கு! அளவைத் துறையின் கையேட்டிலே விஞ்ஞானப் பகுதிகளை எழுதியவரும் சிக்தாரே. அவர் 1870-இல் இறந்தார். 1875-இல் வந்த பதிப்பிலே, முன்னுரையில் இருந்த அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்! எவர் வாக்கையும் ஏற்காதே என்று முழங்கிய அந்த ராயல் சொசைட்டி, பெண்களை உறுப்பினராக ஏற்க 1945-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. ஆகவே வெள்ளையனை வணங்கச் சொல்லவில்லை நான். அவன் தப்பையும் அதே பேரேட்டில்தான் கண்டுபிடிக்கிறோம் என்பதைப் பாருங்கள் என்கிறேன். சிக்தாருக்கு இழைத்த அநீதியை எடுத்துக்காட்டி 1876-இலேயே பத்திரிகையில் எழுதியவர்களில் ஆங்கிலேயரும் இருந்தார்கள்.

சரி, பேரேடு விரிந்திருக்கிறது. எந்த மொழியில்? படிக்கத் தெரிந்தவனுக்குத்தானே திறந்த ஏடு! அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். மானிப்பாயிலே மருத்துவம் கற்பித்தார். அவர் தமிழ் கற்றார். தமிழிலேயே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். உடற்கூற்று நூலுக்கு அங்காதிபாதம் என்றார்; அறுவை மருத்துவத்துக்கு இரணவைத்தியம் என்றார்; வேதியியல் நூலுக்குக் கெமிஸ்தம் என்று பெயர் வைத்தார். சிரிக்கிறோம், "கெமிஸ்தமா!" என்று. சிரிக்கலாம். ஆனால் நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னே அந்நிய நாட்டான் ஒருவன் தமிழிலே மருத்துவரை உருவாக்கிவிட்டான். தமிழால் முடியாது என்று இன்றும் சொல்கிற தமிழன் இருக்கிறானே, சிரிப்புக்குரியவர் யார்?

கடைசியாக, நமது ஊருக்கு வருவோம். தூக்குமரம் நின்ற திருப்பத்தூரிலேயே பின்னாளில் சுவீடன் நாட்டு மிஷன் மருத்துவமனை வந்தது. இங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் போனால் காரைக்குடி. வழியெல்லாம் மாளிகைகள். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியத்துக் கண்ணாடி. கடல் கடந்து பொருளீட்டிய செட்டிநாடு, உலகத்தையே கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து வீட்டிலே பதித்தது. அழகுதான். ஆனால் கோட்டையூரிலே 1909-இல் பிறந்த அழகப்பர் வேறொன்றைப் பதித்தார். 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தார், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு. 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்கலம் எப்படி நீடித்து உழைக்கும், இரும்பை உப்புக்காற்று எப்படி அரிக்கும் என்று அங்கே ஆராய்கிறார்கள். அரிப்பைப் பார்க்க மண்டபத்திலே, கடலோரத்திலேயே ஒரு நிலையம் வைத்திருக்கிறார்கள்.

கண்ணாடியை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. நம் முகத்தைக் காட்டும். ஆராய்ச்சிக்கூடம் அப்படியல்ல. கட்டடத்தைக் கட்டினால் வேலை தொடங்குகிறது. உள்ளே போக ஆள் வேண்டும். "ஏன்?" என்று கேட்கும் பிள்ளை வேண்டும். கேட்ட பிள்ளையை அதட்டாத ஆசிரியர் வேண்டும். ஏழு கடல் தாண்டி வந்தது சங்கிலி. ஆனால் இருபதே கிலோமீட்டரில் இருக்கும் கூடத்துக்குள் திருப்பத்தூர்க் கூலித் தொழிலாளியின் மகளுக்கு வழி தெரியாவிட்டால், அது நமது மண்ணில் நின்றும் அந்நியக் கட்டடமே!

ஆகவே, பெற்றோரே, பிள்ளை கேள்வி கேட்டால் வாயை அடைக்காதீர்கள். ஆசிரியரே, விடை தவறினால் மதிப்பெண்ணை மட்டும் வெட்டாதீர்கள். எங்கே தவறியது என்று அவனையே தேடச் சொல்லுங்கள். மாணவத் தம்பி, புத்தகம் சொன்னது என்று எழுதாதே. செய்து பார்த்து எழுது. பிசகினால் மறைக்காதே; பிசகையும் எழுது. அந்த எழுத்துத்தான் விஞ்ஞானம்.

மருதிருவரைத் தொங்கவிட்ட கயிற்றை நாம் மறக்க மாட்டோம். மறக்காததாலேயே சங்கிலியை அவன் கையிலேயே விட்டுவைக்கவும் மாட்டோம். கயிறு அவனுடையது. அளவு உலகத்துடையது. உலகத்தில் நாமும் உண்டு!